உலை கொதித்த தொகுதி

ஹெல்ம்ஸ்ட்ரோவில் வாக்குரிமை என்பது
கொதிக்கும் ஒரு பானை.

சொந்தக் கதவு, சொந்த அடுப்பு,
ஆறு மாதம் அணையாத புகை,
ஊர்க்கஞ்சிக்குக் கையேந்தாத ஆண்.
அவ்வளவுதான் சட்டம்.
வெகு தெற்கே, வெயில் நாட்டில்,
குடத்தில் ஓலையிட்டு ஆளெடுத்தார்களாம்.
இங்கே குடமே ஓலை.

தேர்தல் வாரம் வந்தால்
அடுப்புகள் தெருவுக்கு வந்துவிடும்.
மீன்சந்தை வாசலில், சர்ச் மதிலோரம்,
கடல்காற்றில் அணைந்தணைந்து எரியும் விறகின்மேல்
டர்னிப்பும் ஆட்டெலும்பும்.
அதிகாரி மூடியைத் திறந்து பார்ப்பார்.
வெறுந்தண்ணீரும் கொதிக்கும்தானே என்று
ஒருவன் வாதாடி வென்றதாகக் குறிப்பிருக்கிறது.
அவன் பெயர்தான் இல்லை.

நூற்று நாற்பத்தொரு பானை.
இரண்டு உறுப்பினர்கள்.
லண்டனில் அவர்கள் வாய் திறந்ததாகத் தகவல் இல்லை.

துடுப்பால் கிளறியவள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.
கிளறினாள்.

பிரபுவின் காரியக்காரர் பென்னிஃபோல்ட்
கணக்கில் புலி.
கடலோரம் இருபது புகைபோக்கிகள் கட்டினார்,
வீடு கட்டவில்லை.
ஒவ்வொன்றின் அடியிலும்
ஒரு சாக்குப் படுதா, ஒரு வாடகை ஆள், ஒரு சட்டி.
புகை என்னவோ நிஜப் புகைதான்.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறில்
சுண்ணாம்புக் காளவாய்க்காரன் ஜேபஸ் க்ரோல்
மேடையேறி, ஊர் காதில் விழ,
பிரபு நிறுத்தாத ஆளின் பெயரைச் சொன்னான்.
வாயால் சொல்வதுதான் அப்போது வாக்கு.
யார் யாருக்குப் போட்டார்கள் என்று அச்சடித்து
ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள்.
பென்னிஃபோல்ட் இரண்டு பிரதி வாங்கினார்.

குத்தகை நாளன்று வீட்டை அவர் பிடுங்கவில்லை.
நல்ல மனிதர்.
அடுப்புக்கல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனார்.

அன்றிரவு கெஸையா
வேகாத முட்டைக்கோஸை நறுக்கி வைத்தாள்.
இது என்னம்மா என்றது பிள்ளை.
"உங்கப்பா சொன்ன பேரு.
மெல்லு."

முப்பத்திரண்டில் சீர்திருத்தம் வந்து
ஒரு உறுப்பினரை எடுத்துக்கொண்டு போயிற்று.
பழைய பானைகளுக்கு ஆயுள்வரை அனுமதி.
கடைசிப் பானைக்காரன் அறுபத்தொன்பதில் செத்தபோது
சவப்பெட்டியில் அதையும் வைக்கலாமா என்று கேட்டார்கள்.
பாதிரியார் எட்டிப் பார்த்தார்.
ஓட்டை இல்லை, வீட்டுக்கு எடுத்துப்போங்கள் என்றார்.

பிறகு மரத்தடுப்பு, கயிற்றில் கட்டிய பென்சில்.
அதிகம் பேசும் ஊர் முதல் தடவையாகப்
பேசாமல் வாக்களித்தது.
பென்னிஃபோல்டின் பேரன் தோற்றான்.
கவிழ்த்தது யார் என்று
இன்றுவரை எவருக்கும் தெரியாது.
இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

பதினெட்டு டிசம்பரில் தெர்ஸா க்ரோல்,
முப்பது முடிந்து நான்கே மாதம்,
உள்ளே போனாள்.
குண்டுத் தொழிற்சாலையில் தோல் மஞ்சளாகிப்போன தங்கை,
வயது இருபத்தாறு,
வெளியே அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
மழை இல்லை.

இனி நான் பார்த்தது.
எல்லை ஆணையத்தில் நாடா பிடிக்கிற வேலை எனக்கு.
மக்கள்தொகை போதாது, தொகுதியைக் கலைத்து
அக்கம்பக்கம் இரண்டுக்குப் பங்கு வைக்க உத்தரவு.
ஆட்சேபக் கூட்டத்துக்கு வந்தது
நான்கு பேர், ஒரு நாய்.
ஹெல்ம்ஸ்ட்ரோ என்ற பெயருக்காக ஒருவரும் அழவில்லை.
மிசஸ் டன்னேஜ் மட்டும் எழுந்தார்:
"உங்க கோடு என் வீட்டு நடுவுல போகுது.
படுக்கையறை ஒருத்தருக்கு, சமையலறை வேறொருத்தருக்கா?
புகார்க் கடுதாசிய எங்க உட்கார்ந்து எழுத?"

போய் அளந்தோம்.
பதினோரு கெஜம் தள்ளிப் போட்டார்கள் கோட்டை.
அறுநூறு வருடத் தொகுதியின் கடைசித் தீர்மானம் அது.

நான் நாடாவைச் சுருட்டிய இடம் அவர் சமையலறை.
கேஸ் அடுப்பில் உருளைக்கிழங்கு
மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.
யாரும் திறந்து பார்க்கவில்லை.